புகழக் கூடாத பிள்ளை

நம் வயதுக்காரர்கள் யாராக இருந்தாலும் சரி, பள்ளிக்கூடத்தில் உங்களோடு ஒருத்தனாவது மூக்கில் ஓட்டையோடு படித்திருப்பான். பெண்பிள்ளை மாதிரி மூக்குக் குத்தி, ஒரு செம்புக் கம்பியை வளைத்துப் போட்டிருப்பார்கள். பேரும் அதற்குத் தோதாகத்தான் இருக்கும். குப்பை, பிச்சை, மண்ணு இப்படி ஏதாவது. வாத்தியார் ஆஜர் எடுக்கும்போது நாமெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறோம். இன்றைக்கு எங்கள் ஊர் வேங்கிக்கால் அடுக்குமாடியில் குழந்தைக்குப் பேர் வைக்க மூன்று மாதம் போனைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்களிடம் இதையெல்லாம் சொன்னால், நாம் ஏதோ காட்டிலிருந்து வந்தவர்கள் மாதிரிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

என் அண்ணன் அப்படி ஒரு பிள்ளை. அவனுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தொட்டிலிலேயே போய்விட்டன. மூன்றாவதாக இவன் பிறந்ததும் வீட்டுக்குப் பின்னால் இருந்த குப்பைமேட்டில் ஒரு முறத்தில் போட்டு வைத்தார்களாம். பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒன்றும் தெரியாதவள் போல அந்த வழியாக வந்து, "ஐயையோ, யாரோ புள்ளையப் போட்டுட்டுப் போயிட்டாங்களே" என்று கூவி எடுத்துக்கொண்டாள். பிறகு என் அம்மா ஒரு படி தவிடு கொடுத்து அவளிடமிருந்து அவனை வாங்கினாள். பெற்ற பிள்ளையாக இருந்தால்தானே எமன் தேடிக்கொண்டு வருவான்? இது தவிட்டுக்கு வாங்கினது, குப்பையில் கிடந்தது, பேரும் குப்பைதான். யாரும் சீந்த மாட்டார்கள், எமன் உட்பட. அந்தப் பெரியம்மாவை நாங்கள் கடைசிவரைக்கும் தவிட்டுப் பெரியம்மா என்றுதான் கூப்பிட்டோம்.

பேர் வைப்பதோடு முடிந்துவிடாது. அந்தப் பிள்ளையைப் புகழக் கூடாது. வளர்ந்துவிட்டான் என்று சொல்லக் கூடாது. நன்றாகச் சாப்பிடுகிறான், நன்றாகப் படிக்கிறான் என்று வாய் தவறிக்கூட வரக் கூடாது. யாராவது வெளியாள் சொல்லிவிட்டால் அம்மா உடனே மூன்று முறை தூ தூ என்று துப்பிவிட்டு, "அட நீங்க வேற, சுத்த உதவாக்கரைங்க அது" என்பாள். அண்ணனை அவள் திட்டாத நாள் இல்லை. கரிக்கட்டை, தண்டச்சோறு, கழுதை. என்னைப் பார்த்து மட்டும், "எங்கண்ணு, எவ்ளோ அழகாத் தலை பின்னிக்கினு வந்திருக்கு பாரு" என்பாள். எனக்குப் பத்து வயசு, அண்ணனுக்குப் பதினெட்டு. எனக்கு அது ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. மழை மேலிருந்து பெய்வது போல, அண்ணனைத் திட்டுவதும் எங்கள் வீட்டில் இயற்கையாக இருந்தது.

ஒரு வருஷம் ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்து அலுமினியக் கப் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தான். அதைத் துடைத்து இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அடுப்படியில் வந்து நின்றான். அம்மா ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "கழுதகூடத்தான் ஓடுது, அதுக்கு எவன் கப்பு குடுத்தான்?" என்றாள். அந்தக் கப்பை மாட்டுக்குத் தவிடு அள்ளுவதற்குப் போட்டுவிட்டாள். தினமும் காலையில் அவன்தான் அந்தக் கப்பில் தவிடு அள்ளி மாட்டுக்கு வைக்க வேண்டும். அப்பா தாலுகா ஆபீஸில் கிளார்க். பேப்பருக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் பார்ப்பார், ஒரு வார்த்தை பேச மாட்டார். பேசாமல் இருந்துவிட்டால் வீடு அமைதியாக இருக்கும் என்பது அவர் எண்ணம்.

எனக்குப் பத்து வயசான அந்தக் கோடையில்தான் எங்கள் மாடி அறைக்கு ஒரு வெள்ளைக்காரப் பெண் குடி வந்தாள். செங்கம் ரோட்டில் ஆசிரமம் பக்கம் வீடு இருக்கிறவர்கள் எல்லாரும் மாடியில் ஒரு அறை எழுப்பி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த காலம் அது. அவளை நாங்கள் மாடி அக்கா என்றோம். கிரேக்க நாடு என்றாள். எங்களுக்கு வெள்ளையாக இருந்தால் எல்லாம் ஒரே நாடுதான். காப்பித் தூளை வடிகட்டாமல் ஒரு சின்னப் பித்தளைக் கிண்ணியில் போட்டுக் கொதிக்கவைத்து, மண்டியோடு குடிப்பாள். அந்த வாசனை மாடிப்படி வழியாக இறங்கி வரும்போது அம்மா மூக்கைச் சுளிப்பாள். "சேறு கலக்கிக் குடிக்குது பாரு இந்தப் பொண்ணு."

வந்த புதிதில் வெறுங்காலோடு மலையைச் சுற்றப் போய்விட்டாள் மாடி அக்கா. அதுவும் உச்சி வெயிலில். அடி அண்ணாமலை தாண்டுவதற்குள் பாதம் முழுக்கக் கொப்புளம். யாரோ மாட்டுவண்டிக்காரர் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினார். அம்மா தலையில் அடித்துக்கொண்டே விளக்கெண்ணெயும் மஞ்சளும் குழைத்துப் போட்டாள். மாடி ஏற முடியாமல் அவள் எங்கள் பின்கட்டு வேப்பமரத்தடியிலேயே பகலெல்லாம் உட்கார்ந்திருந்தாள். அது அம்மா விதைக்கு மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, உடைக்கிற சமயம். ஆளுக்கு ஒரு முறம் வைத்துக்கொண்டு தோலை நொறுக்குவோம். தூசியும் பச்சைப் பருப்பு வாசனையுமாக இருக்கும். விரல்நுனி எரியும். சும்மா உடைத்தால் அலுப்பாக இருக்கிறதென்று அம்மா ஒருநாள் கேட்டாள்.

"ஏம்மா, உங்க ஊர்ல கதை கிதை ஒன்னும் இல்லியா? சொல்லேன்."

பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த அண்ணன் அதை இங்கிலீஷில் சொன்னான். மாடி அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருக்கிறது, ரொம்பப் பழசு, ஆனால் பெரிசு, பரவாயில்லையா என்றாள். "எங்க பாரதத்தவிடப் பெரிசா? சொல்லச் சொல்லுடா" என்றாள் அம்மா.

இப்படித்தான் அந்தக் கிரேக்கர்களின் போர்க்கதை எங்கள் வீட்டுக்குள் வந்தது. தினமும் மூன்று மணிக்கு மேல், மாடி அக்கா ஒரு வாக்கியம் சொல்ல, அண்ணன் ஒரு வாக்கியம் சொல்ல, அம்மா ஒரு வாக்கியம் குறுக்கே சொல்லுவாள். ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று கப்பல் கப்பலாக ஆட்கள் போய் ஒரு கோட்டையைச் சுற்றி வருஷக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள் என்றபோது, "அவ்ளோ வருஷமா? அதுவரைக்கும் நெலத்த யாரு பாத்துக்கினது?" என்று கேட்டாள். அதை இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை என்றாள் மாடி அக்கா.

அந்தக் கதையில் ஒரு வீரன் வருகிறான். எல்லாரையும்விட வேகமாக ஓடுகிறவன். அவன் அம்மா சாதாரண மனுஷி இல்லை, கடலில் இருக்கிற தெய்வம். அவனுக்கு இரண்டு வழி இருக்கிறது என்று அவள் முன்னாலேயே சொல்லிவிடுகிறாள். ஊருக்குத் திரும்பிப் போனால் கிழவனாகும்வரை உயிரோடு இருப்பான், ஆனால் அவனை யாருக்கும் தெரியாது. சண்டையில் நின்றால் சீக்கிரம் செத்துப்போவான், அவன் பேர் மட்டும் அழியவே அழியாது. இதைத் தமிழில் சொன்ன அன்றைக்கு அண்ணன் ஒரு மல்லாட்டையை உடைக்காமல் விரலுக்கிடையில் உருட்டிக்கொண்டே இருந்தான்.

அடுத்த சில நாளில் அந்த வீரன் சண்டைக்குப் போவதென்று முடிவெடுத்தான். அவன் சாவான் என்று தெரிந்திருந்தும் அந்தத் தெய்வம் தானே போய்க் கொல்லுப்பட்டறையில் நின்று அவனுக்குக் கவசம் அடித்து வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தாள். அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். கண்ணெல்லாம் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு வாய் நிறையச் சொன்னாள்.

"எம்மாம் பெரிய மனசு அந்தப் புள்ளைக்கு. அப்படி ஒருத்தனைப் பெத்தவ கொடுத்து வச்சவ. சிங்கக் குட்டி. அப்படி ஒரு புள்ள இருந்தாப் போதும், வேற ஒன்னும் வாணாம்."

மாடி அக்கா அண்ணனைப் பார்த்து, அம்மா என்ன சொல்கிறாள் என்று கேட்டாள். அவன் மொழிபெயர்க்கவில்லை. ஒன்றுமில்லை என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு எழுந்து போய்க் கைகழுவிவிட்டு வந்தான்.

எனக்கு அன்றைக்கு அது விளங்கவில்லை. ஊரார் பிள்ளை என்பதால்தான் அம்மாவுக்கு வாய் தாராளமாக வந்தது. எங்கேயோ கடல் தாண்டி, கதைக்குள் இருக்கிற பிள்ளையை எவ்வளவு புகழ்ந்தாலும் யார் கண்ணும் படாது. சொந்தப் பிள்ளைக்கு என்று பதினெட்டு வருஷமாகச் சேர்த்துவைத்த வார்த்தையெல்லாம் அவனுக்குப் போய்ச் சேர்ந்தது. சொந்தப் பிள்ளை எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

அன்றைக்கோ மறுநாளோ, மாட்டுக்கொட்டகையில் அண்ணன் அம்மாவிடம் கேட்டான்.

"ஏம்மா, உன்னாண்ட அந்த ரெண்டையும் குடுத்து எடுத்துக்கச் சொன்னா எனக்கு எத எடுப்ப? பேரா, ஆயுசா?"

அம்மாவின் முகம் ஒரு நொடி வெளுத்துப்போனது. நான் பார்த்தேன். ஆனால் அவள் சொன்னது இதுதான்.

"ஆமா, உனக்காண்டி ரெண்டும் வாசல்ல வந்து காத்துக்கினு நிக்குது. போய் மாட்டுக்குத் தண்ணி காட்டு, போ."

அவன் போய் மாட்டுக்குத் தண்ணி காட்டினான்.

கதை முடிகிற இடமும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த வீரன் ஒரு பெரிய எதிரியைக் கொன்று, உடம்பைத் தேரில் கட்டி இழுக்கிறான். செத்தவனின் கிழட்டு அப்பன், ராஜா, தனியாக வந்து கொன்றவன் கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளையின் உடம்பைக் கேட்கிறான். இரண்டு பேரும் சேர்ந்து அழுகிறார்கள். இந்த இடத்தில் அம்மா, "போதும், நிறுத்தச் சொல்லுடா" என்று எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டாள். மல்லாட்டையும் முடிந்துவிட்டது.

மாடி அக்கா விசா முடிந்து ஆனி மாதம் கிளம்பினாள். இந்தக் கதைக்குத் தொடர்ச்சியாக இன்னொன்று இருக்கிறது, சண்டை முடிந்து வீட்டுக்குத் திரும்புகிற ஒருவனின் கதை, அடுத்த தடவை வரும்போது சொல்கிறேன் என்றாள். வரவே இல்லை. அவளுடைய பித்தளைக் கிண்ணி மட்டும் கொஞ்ச காலம் எங்கள் பரணில் கிடந்தது, பிறகு அதையும் காணோம்.

அந்த இன்னொரு கதையை என் மகள்தான் எனக்குச் சொன்னாள், போன வருஷம். அவள் காலேஜில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறாள். வீட்டுக்குத் திரும்புகிறவன் வழியில் செத்தவர்கள் இருக்கிற உலகத்துக்குப் போகிறானாம். அங்கே நம் வீரனைப் பார்க்கிறான். நீ இங்கேயும் ராஜா மாதிரி இருக்கிறாயே, செத்ததற்கு ஏன் வருத்தப்படுகிறாய் என்கிறான். அதற்கு அவன், இங்கே எல்லாருக்கும் ராஜாவாக இருப்பதைவிட, உயிரோடு இருந்து எவனோ ஒரு ஏழைக் குடியானவனுக்குக் கூலிவேலை செய்யத் தயார் என்கிறானாம். எனக்குக் கையிலிருந்த காப்பி ஆறிப்போயிற்று. "இத எங்க அண்ணனாண்ட யாரும் சொல்லலியே" என்றேன். மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. பாதிக் கதையோடு அவனை அனுப்பிவிட்டோம். யாரைப் போய்க் கேட்பது?

மாடி அக்கா கிளம்பின அந்த வருஷமே ஆடியில் வேலூரில் மிலிட்டரிக்கு ஆள் எடுத்தார்கள். அண்ணன் யாரிடமும் சொல்லாமல் போய் ஓடிக்காட்டி, மார்பு அளந்து, தேறிவிட்டு வந்து நின்றான். யாரிடமும் சொல்லாமல் என்பது சரியில்லை, அப்பாவிடம் சொல்லியிருக்கிறான். அது பிறகுதான் தெரிந்தது.

அம்மா அவனைத் தடுக்கப் பார்த்தாள் பாருங்கள், அதுதான் என்னால் மறக்க முடியாதது. நீ இல்லாமல் நான் எப்படி இருப்பேன் என்று ஒரு தாய் சொல்லலாம். என் உசுரே நீதான் என்று காலைப் பிடிக்கலாம். இவளுக்கு அதைச் சொல்லக் கூடாது. சொன்னால் அந்தத் தவிட்டு வேலியெல்லாம் ஒரு நொடியில் சரிந்துவிடும். அதனால் தெரிந்த ஒரே பாஷையில் கெஞ்சினாள்.

"மூக்குல ஓட்டையோட போனா ஊரே சிரிக்கும்டா. உன்ன எவன் மதிப்பான் அங்க? ஒரு மூட்டை தூக்கத் துப்பில்ல. சண்டைக்குப் போறானாம் சண்டைக்கு. இங்கியே கெடடா, கரிக்கட்டை."

அவள் கெஞ்சக் கெஞ்ச அவன் முகம் இறுகிக்கொண்டே போயிற்று. கடைசியில் மூக்கிலிருந்த செம்புக் கம்பியைக் கழற்றி ஜன்னல் கட்டையில் வைத்தான். "நீ வேணா பாரும்மா" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

கிளம்புகிற அன்றைக்கு அம்மா மல்லாட்டை வறுத்து வெல்லப்பாகு காய்ச்சி உருண்டை பிடித்தாள். சூட்டோடு பிடித்ததில் உள்ளங்கை கன்றிப்போயிருந்தது. டப்பாவில் போட்டுத் துணி கட்டி அவன் கையில் கொடுத்துவிட்டு, "திங்கலன்னா வழியில நாய்க்குப் போட்டுடு" என்றாள். அவன் பஸ் ஏறிப் போன பிறகு, அவன் காலடி பட்ட மண்ணை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஒரே ஒரு முறை லீவில் வந்தான். தோள் அகன்று, மீசை தடித்து, வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். தெருவில் எல்லாரும் வந்து பார்த்தார்கள். மூக்குத் துளை இருந்த இடத்தில் ஒரு புள்ளி மட்டும் இருந்தது. அவன் அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்னடா இது, கறுத்துப்போயி, நெருப்புல வாட்டின கத்திரிக்காயாட்டம் வந்து நிக்கற" என்றாள். அவன் சிரித்துவிட்டுக் குளிக்கப் போனான். அவன் கழற்றி வைத்த பூட்ஸுக்கு முன்னால் உட்கார்ந்து, இரண்டு கையாலும் அதை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் வைத்துப் படபடவென்று நெட்டி முறித்தாள் அம்மா. அந்தச் சத்தம் கிணற்றடியில் இருந்தவனுக்குக் கேட்டிருக்காது.

எனக்குப் பதிமூன்று நடக்கும்போது, ஒரு மாசி மாதப் பகலில் ஒரு மிலிட்டரிக்காரர் எங்கள் தெருவுக்கு வந்தார். லீவில் போளூர் பக்கம் தன் ஊருக்குப் போகிறவர். ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு, வீடு வீடாகக் கேட்டுக்கொண்டே வந்து எங்கள் வாசலில் இறக்கினார். வேர்த்துக் கொட்டியது. ஒரு பேரைச் சொல்லி, "அவரு வீடு எதும்மா?" என்று கேட்டார். பழைய காலத்து ராஜாக்களுக்கு இருக்குமே, அப்படி ஒரு பெரிய பேர்.

அம்மா யோசித்துப் பார்த்தாள். "அந்தப் பேருல இந்தத் தெருவுலயே யாரும் இல்லீங்களே" என்றாள். "மொதல்ல உக்காருங்க. இன்னா வெயிலு. பாப்பா, மோர் கொண்டாந்து குடு."

நான் மோர் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் டம்ளரைக் கையில் வாங்கி, குடிக்காமல் வைத்துக்கொண்டார்.

"அவங்க வீட்டுக்கு இன்னா சேதிங்க?" என்றாள் அம்மா.

"தந்தி எனக்கு முன்னாடி வந்து சேந்திருக்கும்னு நெனச்சேம்மா, இன்னும் வரல போலக்குது." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மலைப்பாதையில லாரி சரிஞ்சிடுச்சும்மா. அவரு குதிச்சிட்டாரு. குதிச்சவரு சும்மா இல்ல, திரும்பப் போயி உள்ள மாட்டிக்கினவங்க ரெண்டு பேர இழுத்துப் போட்டாரு. அதுல ஒருத்தன் நானு. டிரைவர் உள்ள இருக்கான்னு மறுபடியும் போனாரு. லாரி அப்படியே கீழ போயிடுச்சு."

அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் ஓடியது. மறைக்கவில்லை, அடக்கவில்லை. யார் வீட்டுப் பிள்ளைக்கோ அழுகிற தாராளத்தோடு அழுதாள்.

"ஐயோ, யாரு பெத்த புள்ளையோ. தப்பிச்சு வந்தவன் திரும்பப் போயிருக்கானே. எம்மாம் பெரிய மனசு. சிங்கக் குட்டிங்க அது. அப்படி ஒருத்தனைப் பெத்தவ கொடுத்து வச்சவங்க. இந்தச் சேதிய அவ எப்படித் தாங்குவா?"

அவருக்கும் அழுகை வந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்தார். "அப்பா பேரு எழுதிக்கினு வந்திருக்கேம்மா. தாலுகா ஆபீஸ்ல கிளார்க்கா இருக்கறாராம்" என்று சொல்லிவிட்டு அந்தப் பேரைப் படித்தார்.

என் அப்பாவின் பேர் அது. தெருவில் வேறு யாருக்கும் அந்தப் பேரும் இல்லை, அந்த வேலையும் இல்லை. மிலிட்டரியில் சேருவதற்கு முன்னால் அண்ணனின் பேரைக் கெஜட்டில் போட்டு மாற்றிக்கொடுத்தவர் அப்பாதான். அம்மாவுக்குத் தெரிந்தால் தாங்க மாட்டாள் என்று சொல்லாமலே இருந்துவிட்டார்.

அம்மா அழுவதை நிறுத்திவிட்டாள். "அவன் பேரு அது இல்லீங்க" என்றாள். "எம்புள்ள குப்பையில கெடந்ததுங்க. தவிட்டுக்கு வாங்கினது." அவர் பெட்டியைத் திறந்தார். மேலாகவே இருந்தது, துணி கட்டின அந்த டப்பா.

நான் அம்மாவைக் கட்டிக்கொள்ளப் போனேன். அவள் என்னை விலக்கிவிட்டாள். முகத்தில் துக்கம் இல்லை, பயம்தான் இருந்தது. வாய் தவறிப் பெரிய தப்பு ஒன்றைச் சொல்லிவிட்டவளின் பயம். பெட்டியின் பக்கம் குனிந்து, தூ, தூ, தூ என்று மூன்று முறை துப்பினாள்.

"நான் சொன்னதெல்லாம் எடுத்துக்காதீங்க" என்றாள் அவரிடம், அவசர அவசரமாக. "தெரியாம சொல்லிட்டேன். நல்லவன் இல்லீங்க அவன். ஒரு வேலைக்கு ஒதவ மாட்டான். சோம்பேறி. கரிக்கட்டை. ஓடத் தெரியாது, ஒன்னும் தெரியாது. தண்டச்சோறுங்க. அவன எதுக்கு எவன் எடுத்துக்கினு போவப் போறான்? அவன் உதவாக்கரைங்க."

அவர் மோர் டம்ளரைப் பிடித்தபடி எழுந்து நின்றுவிட்டார். சத்தம் கேட்டுத் தவிட்டுப் பெரியம்மா ஓடி வந்து வாயைப் பொத்துகிறவரைக்கும் அம்மா அண்ணனைத் திட்டிக்கொண்டே இருந்தாள்.